எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு பேசுவதால் ஏதாவது மாறுமா?

தொடுவானம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வரலாறு ஆழமாகப் படித்தவர்கள் இருக்கிறீர்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே கொண்டுவருகிறேன்.

இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சிலர் சேர்ந்து வாரம் ஒருமுறை இணையத்தில் கூடிப் பேசுகிற ஒரு சின்ன வட்டம் எங்களுடையது. படிப்பு, வேலை, வாசித்த புத்தகம் என்று பேச்சு போகும். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. மே மாதச் சண்டையோடு வட்டமே நின்றுபோனது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் விலகினார்கள், அவ்வளவுதான்.

இப்போது இரண்டு பக்கத்திலும் மிச்சமிருக்கிற சிலர் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். என் வீட்டில் "உனக்கு எதற்கு இந்த வம்பு" என்கிறார்கள். அரசுகள் முறைத்துக்கொண்டு நிற்கும்போது சாதாரண ஆட்கள் பேசிக்கொண்டதால் எங்காவது, எப்போதாவது ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் எப்படி நடந்தது? ஆறுதல் வார்த்தை வேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

எரிகல்

நேராகவே சொல்கிறேன் நண்பரே. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. சச்சின் 136 அடித்தும் தோற்றோம். மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. இன்றைக்கும் அதைச் சொன்னால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அடுத்த மாதம் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போனார். மே மாதம் கார்கில் போர் ஆரம்பித்துவிட்டது. அந்தக் கைதட்டலும் அந்தப் பேருந்தும் மலை உச்சிகளில் ஏறி உட்கார்ந்தவர்களை ஒரு அடிகூட நகர்த்தவில்லை. போரை முடிவு செய்கிறவர்கள் வேறு, கைதட்டுகிறவர்கள் வேறு. உங்கள் வட்டத்தில் இருப்பவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

கார்த்திகைமலர்

எரிகல் தம்பி, பேருந்துக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. கார்கில் போர் நடந்தபோதும் டெல்லி–லாகூர் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது நின்றது 2001 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு. 2003 ஜூலையில் மறுபடி ஓடத் தொடங்கியபோது, லாகூரிலிருந்து வந்த முதல் வண்டியில் இதயத்தில் ஓட்டையோடு பிறந்த ஒரு பெண் குழந்தையைப் பெற்றோர் கூட்டிவந்தார்கள். பெங்களூரில் அறுவைச் சிகிச்சை நடந்து குழந்தை பிழைத்தது. முன்பின் தெரியாத ஆட்கள் இந்தியா முழுவதிலிருந்தும் அந்தக் குடும்பத்துக்கு வாழ்த்துக் கடிதங்களும் பரிசுகளும் அனுப்பினார்கள்.

அந்தக் குழந்தையால் காஷ்மீர் பிரச்சினை தீரவில்லை, உண்மைதான். ஆனால் அதன் அம்மா அப்பாவிடம் போய் "பேருந்து விட்டதால் என்ன பயன்" என்று யாராவது கேட்க முடியுமா? போர் நின்றதா இல்லையா என்ற ஒரே அளவுகோலை வைத்து எல்லாவற்றையும் அளந்தால், நடந்த நல்லதில் பாதி நம் கண்ணுக்கே படாது.

ஆழிமுத்து

தொடுவானம், உங்கள் கேள்விக்குப் பனிப்போர்க் காலத்தில் நல்ல விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பெர்னார்ட் லவுன் என்று ஒரு இதய மருத்துவர். நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிக்கவைக்கும் கருவியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். மாஸ்கோவில் எவ்கெனி சாசோவ், அவரும் இதய மருத்துவர். சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்கு வைத்தியம் பார்த்தவர். இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது சமாதானம் பற்றிய பேச்சு இல்லை. திடீர் மாரடைப்பு மரணம் பற்றிய ஆராய்ச்சி. வருஷக்கணக்கில் ஒரே நோயைப் பற்றிப் பேசிப் பழகியவர்கள் என்பதால், 1980இல் "அணு ஆயுதப் போரைத் தடுக்கும் பன்னாட்டு மருத்துவர் சங்கம்" தொடங்க லவுன் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் கேட்க ஒரு ஆள் இருந்தார்.

1982 ஜூனில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று அமெரிக்க மருத்துவர்களும் மூன்று சோவியத் மருத்துவர்களும் மாஸ்கோ தொலைக்காட்சியில் உட்கார்ந்து, அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். வெட்டாமல் நாடு முழுக்க ஒளிபரப்பானது. தீக்காயம் பட்டவர்களுக்கு எங்கே படுக்கை, எங்கே ரத்தம், மருத்துவமனையே இருக்காதே என்று ஒரு நோயாளியின் குடும்பத்திடம் சொல்வதுபோலச் சொன்னார்கள். பதுங்குகுழி, தற்காப்புப் பயிற்சி எல்லாம் உதவாது என்பதைச் சோவியத் மக்கள் தங்கள் அரசின் தொலைக்காட்சியிலேயே கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அது பிரெஷ்னெவ் காலம்!

1985இல் அந்தச் சங்கத்துக்கு நோபல் அமைதிப் பரிசு. ஓஸ்லோவில் செய்தியாளர் சந்திப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு சோவியத் பத்திரிகையாளர் மாரடைப்பில் சரிந்து விழுந்தார். லவுனும் சாசோவும் ஓடிவந்து மற்ற மருத்துவர்களோடு சேர்ந்து நெஞ்சை அழுத்தினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

எரிகல்

> ஆழிமுத்து சொன்னது: வெட்டாமல் நாடு முழுக்க ஒளிபரப்பானது.

ஐயா, அருமையான தகவல், மறுக்கவில்லை. ஆனால் அதே 1982 ஜூனில் அதே மாஸ்கோவில் இன்னொன்றும் நடந்தது. செர்கெய் பத்தோவ்ரின் என்ற ஓவியரும் நண்பர்களும் சேர்ந்து, அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் இடையே நம்பிக்கையை வளர்க்க ஒரு குழு தொடங்கினார்கள். இரண்டு அரசுகள் மட்டும் பேசினால் போதாது, இரண்டு நாட்டு மக்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார்கள். நீங்கள் புகழ்கிற அதே வேலை. ஆகஸ்டில் பத்தோவ்ரினைப் பிடித்து மனநோய் மருத்துவமனையில் அடைத்தார்கள். மறுவருஷம் அவர் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று.

அரசு அனுமதித்த மருத்துவருக்குத் தொலைக்காட்சி. அனுமதி கேட்காத ஓவியருக்கு மனநோய் விடுதி. 1973இல், சோவியத் அரசை எதிர்த்துப் பேசிய விஞ்ஞானி சகாரோவைக் கண்டித்து வந்த கடிதத்தில் சாசோவும் கையெழுத்துப் போட்டவர் என்பதால் நோபல் பரிசின்போதே பெரிய எதிர்ப்பு எழுந்தது. மேற்கிலிருந்து போன நல்ல உள்ளங்கள் பலர் சோவியத் அமைதிக் குழு கொடுத்த விருந்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். விருந்து கொடுத்தது அரசின் கை. ஒரு சர்வாதிகார அரசு நம் நட்பைத் தன் முகப்பூச்சாகப் பயன்படுத்திக்கொண்டால் நாம் யாருக்கு உதவினோம்?

ஆழிமுத்து

எரிகல், நீங்கள் சொன்ன அத்தனையும் நடந்தது. அதை மறைத்துவிட்டு இந்தப் பேச்சையே பேசக் கூடாது. மேற்கிலிருந்து போனவர்களில் சிலர் பத்தோவ்ரின் குழுவையும் வீடு தேடிப்போய்ப் பார்த்தார்கள், வெளியே வந்து அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். அப்படிச் செய்தவர்கள்மேல்தான் எனக்கும் மதிப்பு அதிகம்.

ஆனால் அரசின் அனுமதியோடு நடந்த வேலையிலும் அரசே எதிர்பார்க்காத பலன் வரலாம். அணுகுண்டுச் சோதனைத் தடையில் பல வருஷம் ஒரே முட்டுக்கட்டை. "சோவியத் திருட்டுத்தனமாக வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே வந்து பார்க்க ஒருநாளும் விடமாட்டார்கள்" என்று அமெரிக்கத் தரப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. 1986இல் ஒரு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு, இயற்கை வளப் பாதுகாப்புக் குழு என்று பெயர், சோவியத் அறிவியல் கழகத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டது. அரசு இல்லை, தனியார் அமைப்பு. அமெரிக்கப் பக்கம் தாமஸ் காக்ரன், சோவியத் பக்கம் யெவ்கெனி வெலிகோவ். அந்த ஜூலையிலேயே அமெரிக்க விஞ்ஞானிகள் நிலநடுக்கம் அளக்கும் கருவிகளோடு, அப்போது சோவியத்தில் இருந்த கஜகஸ்தானில் போய் இறங்கினார்கள். செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் தளத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில், கர்கராலின்ஸ்க் அருகே கருவியைத் தரையில் பதித்து அதிர்வுகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள்.

ரகசியப் பகுதி அது. அங்கே வெளிநாட்டான் ஒருவன் அளவுகருவியோடு உட்கார்ந்திருக்கிறான் என்ற ஒரு விஷயமே, "விடமாட்டார்கள்" என்ற வாதத்தின் காலை உடைத்துவிட்டது. 1988இல் இரண்டு அரசுகளும் ஒருவர் தளத்தில் மற்றவர் வந்து அளக்கும் கூட்டுச் சோதனையே நடத்தின. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, கொர்பச்சேவ் சோவியத் தலைவராக வராமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் கொர்பச்சேவ் வந்தபோது எடுத்துக்கொள்ளத் தயாராக ஒரு வேலையும், பழகிய மனிதர்களும் கையில் இருந்தார்கள். என் கணிப்பில் குடிமக்கள் செய்யக்கூடியது இதுதான். காற்று எப்போது திரும்பும் என்று நமக்குத் தெரியாது. திரும்பும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

நூலேணி

ஆழிமுத்து ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவில் டயமீட் தீவுகள் இரண்டு. சின்னது அமெரிக்காவுடையது, பெரியது ரஷ்யாவுடையது. இடையே நாலு கிலோமீட்டர்தான். 1987 ஆகஸ்ட் 7 அன்று லின் காக்ஸ் என்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனை சாதாரண நீச்சலுடையில் அந்தக் கடலை நீந்திக் கடந்தார். தண்ணீர் 6, 7 டிகிரி செல்சியஸ். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. கரையில் சோவியத் ஆட்கள் கம்பளியோடு காத்திருந்தார்கள். சோவியத் அனுமதிக்காக அவர் அலைந்தது பதினோரு வருஷம். அந்த டிசம்பரில் வெள்ளை மாளிகை விருந்தில் கொர்பச்சேவ் அவர் பெயரைச் சொல்லியே பாராட்டினார்.

எல்லோரும் நீச்சலோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது அதற்குப் பின்னால் வந்தது. அந்தக் கடலின் இரண்டு கரையிலும் யூபிக் பழங்குடிகள் வாழ்கிறார்கள். ஒரே மொழி, ஒரே சொந்தம். 1948இல் எல்லையை மூடியதும் அக்கா அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று பிரிந்துபோனார்கள். 1988 ஜூனில் அலாஸ்காவின் நோம் நகரத்திலிருந்து ரஷ்யாவின் புரொவிதேனியாவுக்கு ஒரே ஒரு நட்பு விமானம் போனது. நாற்பது வருஷம் பார்க்காத உறவுகள் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள். மறுவருஷம் அந்தப் பழங்குடிகள் விசா இல்லாமல் போய்வர இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. இந்த ஒப்பந்தம் வரைக்கும் வந்ததால்தான் அந்த நீச்சலுக்கு என்னிடம் இவ்வளவு மரியாதை.

முல்லைச்சாரல்

ஜெர்மனியில் இருப்பதால் இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். பிரான்சும் ஜெர்மனியும் எழுபது வருஷத்தில் மூன்று பெரிய போர் நடத்தியவர்கள். 1950இல், போர் முடிந்து ஐந்தே வருஷத்தில், பிரான்சின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் இரட்டை நகரங்களாக இணைந்தன. இரண்டு நாட்டுக்கும் இடையே அதுதான் முதல் இணைப்பு. மோன்பெலியாரின் மேயர் லூசியன் தராதாங், நாஜிகளை எதிர்த்துப் போராடி பூகன்வால்ட் வதைமுகாமில் கிடந்து உயிரோடு திரும்பியவர். அவர் கை நீட்டியது எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

1963இல் இரு நாட்டு நட்புக்கான எலிசே ஒப்பந்தம், அதே வருஷம் இரு நாட்டு இளையோர் அலுவலகம். இரண்டு அரசும் சரிபாதி பணம் போடுகின்றன. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இதன் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வந்து தங்குவார்கள், மொழி தெரியாமல் முழிப்பார்கள், நாலு நாளில் பழகிவிடுவார்கள். செய்தியில் வருகிற மாதிரி எதுவும் இல்லை. 2003இல் இரு நாட்டு மாணவர்கள் கூடிய இளையோர் நாடாளுமன்றம் "எங்கள் இரண்டு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும்" என்று கேட்டது, 2006இல் முதல் புத்தகம் வந்தது. 2008இல் வந்த இரண்டாவது புத்தகத்தில், முதல் உலகப் போரைப் பற்றி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தைத் திறந்து படிக்க முடிந்தது.

எரிகல்

முல்லைச்சாரல், அந்த மேயரைப் பற்றித் தெரியாது, நன்றி. ஆனால் பிரான்சுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் சோவியத் என்ற பொது எதிரி இருந்தது, அமெரிக்கா இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அரசுகள் நட்பாக முடிவு செய்த பிறகு மக்கள் நட்பு வளர்வது எளிது. 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பாவில் எத்தனை நகரங்கள் ரஷ்ய நகரங்களோடு இருந்த இணைப்பை நிறுத்திவைத்தன என்று நீங்கள் அங்கிருந்தே பார்த்திருப்பீர்கள். தொடுவானத்தின் கேள்வி அரசுகள் பகையாக இருக்கும்போது என்ன செய்வது என்பது.

கார்த்திகைமலர்

அப்படியானால் மீனவர்களை எடுத்துக்கொள்வோம். குஜராத் கரையிலிருந்து போகிறவர்களும் சிந்துக் கரையிலிருந்து வருகிறவர்களும் கடலில் கோடு தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள், பிடிபடுகிறார்கள். தண்டனைக் காலம் முடிந்தும் சிறையில் கிடப்பார்கள். குடியுரிமையைச் சரிபார்க்கும் காகிதம் நகராததுதான் காரணம். வீட்டில் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. இரண்டு நாட்டு மீனவர் சங்கங்களும், 1994இல் உருவான பாகிஸ்தான்–இந்தியா மக்கள் மன்றமும் வருஷக்கணக்காக இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுவருகின்றன. எந்தச் சிறையில் யார், தண்டனை எப்போது முடிந்தது, ஏன் இன்னும் அனுப்பவில்லை? இந்தப் பக்கத்துச் சங்கம் கேட்டால் அந்தப் பக்கத்துச் சங்கம் தேடிப்பார்த்துச் சொல்லும்.

2008 ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 அன்றும் இரண்டு அரசும் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். 2025இல் அட்டாரி எல்லையை மூடினார்கள், விசாவை ரத்து செய்தார்கள், ஏவுகணைகள் பறந்தன. இவ்வளவும் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று பட்டியல் கை மாறியது. ஒரு பெயர் அந்தப் பட்டியலில் வந்துவிட்டால் ஒரு குடும்பத்துக்கு ஆள் இருக்கும் இடம் தெரிகிறது. எரிகல் தம்பி, அரசுகள் பகையாக இருக்கும்போது என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். இது நடந்தது.

எரிகல்

அக்கா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. குறிப்பான ஒரு வேலை, குறிப்பான ஆட்கள், விடாமல் கேட்பது. இப்படி இருந்தால் நானும் கூட நிற்பேன். மெழுகுவத்தி ஏற்றிப் படம் எடுப்பதோடு நின்றால்தான் எனக்கு ஒத்துவராது.

தொடுவானம்

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தபிறகு எனக்குப் படுவது: எங்கள் வட்டத்தில் பேச்சு மட்டும்தான் இருந்தது. சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லை. அதனால் பேச முடியாத நாள் வந்ததும் சந்திக்கவே காரணம் இல்லாமல் போனது. நாங்கள் மருத்துவர்களும் இல்லை, விஞ்ஞானிகளும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து என்ன செய்யலாம்?

ஆழிமுத்து

புகைமூட்டம். ஒவ்வொரு அக்டோபர், நவம்பரிலும் இரண்டு பஞ்சாபிலும் வைக்கோல் எரியும், வண்டிப்புகையும் ஆலைப்புகையும் சேரும், காற்று அசையாமல் நிற்கும். லாகூரும் டெல்லியும் ஒரே புகையைத்தான் மூச்சிழுக்கின்றன. 2024 நவம்பரில் லாகூரில் காற்றுத் தரக் குறியீடு 1000ஐத் தாண்டியது. இந்தியப் பக்கத்தோடு சேர்ந்து வேலை செய்தே ஆக வேண்டும் என்று பாகிஸ்தான் பஞ்சாபின் முதல்வர் மரியம் நவாஸே அந்த வருஷம் சொன்னார். வெளிப்படையாகப் பேசக்கூடிய விஷயம், யாருக்கும் ரகசியம் இல்லை. உங்கள் வட்டத்தில் வடக்கே இருப்பவர்கள் எத்தனை பேர்?

தொடுவானம்

இந்தப் பக்கம் டெல்லியிலும் அமிர்தசரசிலும் ஆட்கள் உண்டு. அந்தப் பக்கம் பெரும்பாலும் லாகூர்தான்.

ஆழிமுத்து

அப்புறம் என்ன, ஆளும் இடமும் அமைந்துவிட்டதே. காற்றிலிருக்கும் நுண்துகளை அளக்கும் சின்னக் கருவிகள் இப்போது சாதாரண ஆட்களே வாங்கி வைக்கிறார்கள். கருவி இல்லாதவர்கள் தங்கள் பகுதி நிலையத்தின் பொது அளவை எடுத்து எழுதலாம். இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில், ஒரே முறையில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஒப்பிடுங்கள். குழந்தைகளுக்கு இருமல், பள்ளி விடுமுறை, எரிப்பு தொடங்கிய நாள் எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். இரண்டு பருவம் விடாமல் செய்தால் ஒரு நாளிதழில் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து எழுதுகிற கட்டுரைக்குச் சரக்கு இருக்கும்.

எரிகல்

செய்யுங்கள். ஆனால் தயவுசெய்து ஜாக்கிரதை. எல்லாவற்றையும் திறந்த இடத்தில் வையுங்கள், யார் எடுத்துப் படித்தாலும் கேள்வி வரக் கூடாது. ராணுவம், படை நகர்வு, எல்லைப்பகுதிப் படங்கள் பக்கமே போக வேண்டாம், விளையாட்டுக்குக்கூட. எல்லை தாண்டிப் பணம் கை மாறவே கூடாது. யாருடைய பெயரையும் முகவரியையும் பொதுவில் போடாதீர்கள். பதற்றமான நாளில் ஒருவர் பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நம்மைவிட ஆபத்து அதிகமாக இருக்கலாம். அவர்கள் எவ்வளவு தூரம் வரத் தயாரோ அவ்வளவுதான் நாமும் போக வேண்டும்.

கார்த்திகைமலர்

இன்னொன்று. "சமாதானம் பேசுவோம் வாருங்கள்" என்று கூப்பிடாதீர்கள். பஹல்காமில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களின் வலி இங்கே இருக்கிறது. மே மாதத்தில் பயந்து இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். யாராவது அதைப் பேச விரும்பினால் பேசட்டும், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். யார் முதலில் ஆரம்பித்தது என்ற வாதத்தை அந்த அறைக்குள் விட்டால் வட்டம் மறுபடி உடையும். அதை வாதாட ஆயிரம் இடம் இருக்கிறது.

தொடுவானம்

இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன். லாகூர் நண்பர் ஒருவருக்குக் காற்று அளவு யோசனையை மட்டும் நேற்று அனுப்பினேன். சமாதானம், நட்பு என்ற எந்த வார்த்தையும் போடவில்லை. பதிலில், அவருடைய மகளுக்கு ஆஸ்துமா என்றும், புகை நாட்களில் வீட்டில் ஏற்கெனவே அளவு எழுதிவைக்கிற வழக்கம் உண்டு என்றும் சொன்னார். எந்த நேரத்தில் எழுதலாம் என்று கேட்டிருக்கிறார். காலை எட்டு மணியும் இரவு எட்டு மணியும் சரியாக இருக்குமா, ஆழிமுத்து ஐயா? அவர்களுக்கு நம்மைவிட அரை மணி நேரம் பின்னால்.

ஆழிமுத்து

நல்ல நேரம்தான். இந்திய நேரம் எட்டரை, பாகிஸ்தான் நேரம் எட்டு என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒரே நிமிடத்தில் அளவு எடுக்கலாம். அட்டவணை ஒன்று போட்டு இன்று இரவுக்குள் அனுப்புகிறேன்.